ரயிலில் இருந்து விழுந்தால் நஷ்டஈடு: சட்டம் இருக்கிறது, சாட்சி எங்கே?

யார் தப்பு என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் டிக்கெட் எங்கே, எப்படி விழுந்தாய் என்று தீர்ப்பாயம் விடாமல் கேட்கிறது. முதல் ஒரு நாளில் எழுதப்படும் நாலைந்து காகிதங்களில் இருக்கிறது வழக்கின் தலையெழுத்து.

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. காலை ஆபீஸ் நேரம். மும்பையை அடுத்த மும்ப்ரா ரயில் நிலையத்தின் அருகே உள்ள வளைவில் எதிரெதிராக வந்த இரண்டு புறநகர் ரயில்கள் ஒன்றையொன்று கடந்தன. இரண்டிலும் வாசலுக்கு வெளியே ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரயிலில் தொங்கியவர்களும் அவர்களுடைய முதுகுப் பைகளும் அடுத்த ரயிலில் தொங்கியவர்கள் மீது உரசின. சில நொடிகளில் ஒரு டஜன் பேர் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்துபோனார்கள்.

பலர் ஒரே இடத்தில் விழுந்ததால் அது நாடு முழுவதும் செய்தியானது. தினமும் ஒருவர் இருவராக விழுகிறவர்கள் உள்ளூர்ப் பத்திரிகையின் நாலு வரிச் செய்திக்கு மேல் போவதில்லை. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 2,590 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு ஏழு பேர். காயமடைந்தவர்களும் இரண்டாயிரத்துக்கு மேல். 2024ல் இது பற்றிய பொதுநல வழக்கை விசாரித்த மும்பை உயர் நீதிமன்றம், பயணிகள் ஆடுமாடுகளைப் போல ஏற்றிச் செல்லப்படுவது வெட்கக்கேடு என்று ரயில்வேயைக் கடிந்துகொண்டது.

இறந்தவர்களின் கணக்கு இப்படி அவ்வப்போது நீதிமன்றத்துக்கு வருகிறது. பிழைத்தவர்கள் என்ன ஆகிறார்கள்? காலையில் இரண்டு காலோடு வேலைக்குப் புறப்பட்டு, மாலையில் ஒரு காலோடு அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கும் ஆசாமிக்கு முதலில் தோன்றுவது வலி. அடுத்துத் தோன்றுவது குற்ற உணர்வு. “வாசலில் நின்றது என் தப்புதானே? யாரைப் போய்க் கேட்பது?” என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார். வீட்டார்களும் ஆமோதிக்கிறார்கள். சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிரானது என்று அந்த வார்டில் அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

தப்பு யாருடையது?

ரயில்வே சட்டம் 1989ல் இயற்றப்பட்டு 1990 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் 124வது பிரிவு, ரயில்கள் மோதினாலோ தடம் புரண்டாலோ பயணிகளுக்கு நஷ்டஈடு தரச் சொல்கிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சிக்கி 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்து இந்த வகை.

ஆனால் ரயில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, பயணி மட்டும் விழுந்தால்? 1990ல் இதற்கு விடை இல்லை. 1994ல் செய்த திருத்தத்தில்தான் 124ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு முதல், ‘அசம்பாவித சம்பவம்’ என்று சட்டம் குறிப்பிடும் நிகழ்ச்சிகளுக்கும் ரயில்வே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. ஓடும் ரயிலில் இருந்து தவறி விழுவது அதில் அடக்கம். ரயிலிலோ ரயில் நிலைய எல்லைக்குள்ளோ நடக்கும் குண்டுவெடிப்பு, வன்முறைத் தாக்குதல், வழிப்பறி, கொள்ளை, கலவரம், துப்பாக்கிச் சூடு, தீவைப்பு ஆகியவையும் அடக்கம். 2006 ஜூலை 11 அன்று மும்பை மேற்கு ரயில் பாதையில் நடந்த தொடர் குண்டுவெடிப்பு இதற்குள் வரும். மும்பையில் ‘ஃபட்கா’ என்று பெயர் பெற்ற வழிப்பறியும் இதற்குள் வரக்கூடியதே. தண்டவாள ஓரம் கம்போடு நின்று, வாசலில் நிற்பவரின் கையில் ஓங்கி அடித்து, விழும் செல்போனைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவது அந்தத் தொழில். சில சமயம் போனோடு ஆளும் விழுந்துவிடுகிறார்.

இந்தப் பிரிவின் உயிர்நாடி ஒரு சின்ன வாசகம். ரயில்வேயின் தரப்பில் தவறோ அலட்சியமோ கவனக்குறைவோ இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் நஷ்டஈடு தரவேண்டும் என்கிறது அது. பயணி எதையும் ரயில்வே மீது சுமத்தி நிரூபிக்க வேண்டியதில்லை. விலக்கு ஐந்துதான். தற்கொலை அல்லது தற்கொலை முயற்சி, தனக்குத் தானே வருவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச் செயல், குடிபோதையிலோ சித்தம் கலங்கிய நிலையிலோ செய்த காரியம், இயற்கைக் காரணம் அல்லது நோய். இந்த ஐந்தில் ஒன்று என்று ரயில்வே காட்டினால் நஷ்டஈடு கிடையாது. காட்ட முடியாவிட்டால் உண்டு.

மூன்று தீர்ப்புகள்

சட்டம் தெளிவாக இருந்தும் பல வருஷங்கள் ரயில்வே வக்கீல்கள் இரண்டு ஆயுதங்களை வைத்து மனுக்களை முறியடித்து வந்தார்கள். ஒன்று, ‘ஓடும் ரயிலில் ஏறப்போனார், அது ரயிலில் இருந்து விழுந்ததாகாது’. மற்றது, ‘வாசலில் நின்றது அவர் குற்றம்’. உச்ச நீதிமன்றம் இவற்றை ஒவ்வொன்றாக மழுக்கியது.

2008ல் கேரளத்தில் இருந்து வந்த வழக்கு முதலாவது. வர்க்கலா நிலையத்தில் ரயிலில் ஏற முயன்றபோது விழுந்து இறந்த பெண்ணின் குடும்பம் கேட்ட நஷ்டஈடு அது. எல்லோராலும் விமானத்திலோ சொந்தக் காரிலோ போக முடியாது, கோடிக்கணக்கானவர்கள் ரயிலை நம்பித்தான் இருக்கிறார்கள், எனவே சட்டத்துக்குக் குறுகிய அர்த்தம் சொல்லி அவர்களைக் கைவிடக் கூடாது என்று எச்.கே. சேமா, மார்க்கண்டேய கட்ஜு ஆகிய நீதிபதிகளின் அமர்வு தீர்ப்பளித்தது. ஏறும்போது விழுந்தாலும் விழுந்ததுதான்.

2010ல் அஃப்தாப் ஆலம், ஆர்.எம். லோதா அமர்வு வாசல் விவகாரத்துக்கு முடிவு கட்டியது. திறந்த வாசலில் நிற்பது அலட்சியமாக இருக்கலாம், துணிச்சலாகக்கூட இருக்கலாம். ஆனால் அது குற்றச் செயல் ஆகிவிடாது. குற்றச் செயல் இல்லை என்றால் விலக்கும் இல்லை.

மூன்றாவது, 2018 மே 9 அன்று ஏ.கே. கோயல், ஆர்.எஃப். நாரிமன் அமர்வு தந்தது. இன்று தீர்ப்பாயத்துக்குப் போகும் ஒவ்வொரு வக்கீலின் கட்டிலும் இது இருக்கிறது. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுவதை, ‘தானே வருவித்துக்கொண்ட காயம்’ என்று தள்ளக் கூடாது. அதற்கு அந்த ஆளுக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். கையில் டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் முறையான பயணி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். மனுதாரர் தேவையான விவரங்களோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் போதும், அதைப் பொய்யென்று காட்டும் சுமை ரயில்வேயின் தலைக்கு மாறிவிடும். அதே மூச்சில் எதிர்ப்பக்கத்தையும் சொன்னார்கள். ரயில்வே எல்லைக்குள் உடல் கிடந்தது என்ற ஒன்றை வைத்து மட்டும் அவர் பயணிதான் என்று முடிவு செய்துவிடவும் முடியாது.

அந்தக் கடைசி வரியில்தான் மும்பை வழக்குகளில் பாதிச் சண்டை நடக்கிறது. ஏனென்றால் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது அடிபட்டவருக்கு 124ஏ பிரிவில் நஷ்டஈடு இல்லை. மும்பையில் ரயிலால் சாகிறவர்களில் பெரும்பங்கு கடக்கும்போது சாகிறவர்கள். ஆகவே எந்த மனு வந்தாலும் ரயில்வேயின் முதல் பதில் அநேகமாக இதுதான்: ‘விழவில்லை, கடந்தார்’. இரண்டாவது பதில்: ‘டிக்கெட் இல்லை’.

அந்த முதல் நாள்

கல்யாணில் இருந்து குர்லாவுக்குத் தினம் போய்வரும் ஒரு பட்டறைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பெயர் முக்கியமில்லை, இவரைப் போல் ஆயிரம் பேர். தானே தாண்டியதும் கூட்ட நெரிசலில் கை நழுவுகிறது. சட்டைப் பையில் இருந்த சீசன் டிக்கெட் எங்கோ பறக்கிறது. அடுத்து வரும் ரயிலின் டிரைவரோ தண்டவாளப் பணியாளரோ பார்த்துத் தகவல் சொல்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு மெமோ எழுதி ரயில்வே போலீசுக்கு அனுப்புகிறார். சுமைதூக்கிகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடுகிறார்கள்.

வழக்கின் முதல் காகிதம் அந்த மெமோ. ‘இன்ன கிலோமீட்டர் கம்பத்தருகே ரயிலில் இருந்து விழுந்து காயம்’ என்று அதில் இருந்தால் ஒரு கதை. ‘ஏதோ ரயிலில் அடிபட்டுக் கிடந்தார்’ என்று இருந்தால் வேறு கதை. எழுதியவர் விபத்தைப் பார்த்தவர் இல்லை. அவசரத்தில் ஒரு வரி எழுதியிருப்பார். ஆனால் இரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு வரி தீர்ப்பாயத்தில் உரக்கப் படிக்கப்படும்.

இரண்டாவது காகிதம் ஆஸ்பத்திரியில். அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் கேஸ் பேப்பரின் மேற்பகுதியில் ‘எப்படிக் காயம்’ என்று குறித்துக்கொள்கிறார். கொண்டுவந்தவர் சொல்வதைத்தான் எழுதுவார். கூட வந்தவர், ‘ரயில் ஆக்சிடென்ட்’ என்று மட்டும் சொன்னால் அது மட்டும் பதிவாகும். ‘ஓடும் ரயிலில் இருந்து தவறி விழுந்தார், இன்ன ரயில், இன்ன இரண்டு நிலையங்களுக்கு நடுவே’ என்று சொல்வது உறவினரின் வேலை.

மூன்றாவது, ரயில்வே போலீஸ் எடுக்கும் வாக்குமூலம். மயக்கம் தெளிந்து ஓரிரு நாளில் காவலர் கட்டிலருகே வருவார். மும்பையில் அது மராத்தியில் எழுதப்படும். தாராவியிலும் கல்யாணிலும் வாழும் தமிழர்களில் மராத்தி பேசத் தெரிந்தவர்கள் உண்டு, படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வலியிலும் மருந்து மயக்கத்திலும் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ‘யார் மீதும் புகார் இல்லை’ என்ற வாசகம் இருந்தால் பதற வேண்டியதில்லை. நஷ்டஈட்டுக்கு யார் மீதும் புகார் தேவையில்லை. ‘தண்டவாளத்தைக் கடக்கும்போது’ என்ற வாசகம் தவறாக நுழைந்திருந்தால் அங்கேயே திருத்தச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பஞ்சநாமா. தமிழ்நாட்டில் மகஜர் என்போமே, அதுதான். விழுந்த இடத்தில் என்ன கிடந்தது, உடைமைகளில் என்ன கிடைத்தது என்ற பட்டியல். பர்ஸ், அடையாள அட்டை, டிக்கெட் கிடைத்திருந்தால் அதில் ஏறியிருக்க வேண்டும்.

டிக்கெட்டே போய்விட்டால்? சீசன் டிக்கெட்டுக்கு ரயில்வேயின் கம்ப்யூட்டரிலேயே பதிவு இருக்கும். செல்போன் செயலியில் எடுத்த டிக்கெட்டுக்குப் போன் நொறுங்கினாலும் பதிவு அழியாது. அதே நம்பரில் வேறு போனில் திறந்து பார்க்கலாம். பணம் போன கணக்கு பாங்க் அறிக்கையில் இருக்கும். கவுண்டரில் எடுத்த சாதாரண டிக்கெட் தொலைந்தால், வேலை செய்யும் இடத்தின் வருகைப் பதிவேடு, தினம் கூடப் போகும் நண்பரின் சாட்சியம் ஆகியவை பிரமாணப் பத்திரத்துக்குப் பலம் சேர்க்கும். விழுந்ததைக் கண்ணால் பார்த்த சகபயணி ஒருவர் கிடைத்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. அவருடைய பெயரையும் நம்பரையும் அன்றைக்கே வாங்கி வைக்காவிட்டால், நாளைக்கு அந்தக் கூட்டத்தில் அவரைத் தேட முடியாது.

உண்மையிலேயே டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்தவருக்கு இந்தப் பிரிவில் வழியில்லை. செல்லுபடியாகும் பிளாட்பார டிக்கெட் வைத்திருந்தவரோ சட்டத்தின் கண்ணில் பயணிதான்.

இந்த நான்கும் போக ஐந்தாவதாக ஒரு காகிதம் உண்டு. அசம்பாவித சம்பவங்களை விசாரிப்பதற்கென்று 2003ல் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி ரயில்வே பாதுகாப்புப் படை விசாரித்து, கோட்ட ரயில்வே மேலாளர் மட்டத்தில் ஓர் அறிக்கை தயாராகும். தீர்ப்பாயத்தில் ரயில்வேயின் எதிர்வாதம் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, மெமோவோடும் கேஸ் பேப்பரோடும் ஒப்பிட்டுப் பார்க்காத வக்கீல் பாதி வேலைதான் செய்கிறார்.

எவ்வளவு கிடைக்கும்?

நஷ்டஈட்டுத் தொகை பேரம் பேசி வருவதில்லை. 1990ஆம் ஆண்டு விதிகளோடு ஓர் அட்டவணை இருக்கிறது. மரணத்துக்கு 1997 நவம்பரில் இருந்து 4 லட்சம் ரூபாய் என்று இருந்ததை, 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சமாக்கினார்கள். இரண்டு கைகளும் போனாலும், ஒரு கையும் ஒரு பாதமும் போனாலும், இரண்டு கால்களும் துண்டிக்கப்பட்டாலும், வேலை செய்ய முடியாதபடி பார்வை போனாலும், முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தாலும், காது முழுவதும் கேளாமல் போனாலும் அதே 8 லட்சம். மற்ற காயங்களுக்கு எந்த உறுப்பு, எந்த இடத்தில் துண்டிப்பு என்பதைப் பொறுத்துத் தொகை இறங்கிக்கொண்டே போகும். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவச் சான்றைப் பார்த்துத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும்.

இதில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. மாதம் ஒரு லட்சம் வாங்குகிறவருக்கும் பத்தாயிரம் வாங்குகிறவருக்கும் காலின் விலை ஒன்றே. சம்பளச் சான்று தேடி அலைய வேண்டாம். ஆனால் சாலை விபத்து வழக்குகளைப் போல இழந்த வருமானத்தைக் கணக்கிட்டுத் தரும் ஏற்பாடு இங்கே கிடையாது. முப்பது வயதில் காலை இழந்தவருக்கு இன்னும் முப்பது வருஷ உழைப்பு பாக்கி இருந்தது என்பதை அட்டவணை அறியாது.

வழக்கு இழுத்தடித்தால் ரூபாயின் மதிப்பு தேய்ந்துவிடுமே என்ற கவலைக்கும் 2018 தீர்ப்பில் பதில் உண்டு. விபத்து நடந்த நாளில் இருந்த தொகையும் அதற்கான வட்டியும் ஒரு பக்கம், உத்தரவிடும் நாளில் உள்ள தொகை மறுபக்கம். எது அதிகமோ அது பயணிக்கு.

விபத்து நடந்ததும் அமைச்சர்கள் அறிவிக்கும் கருணைத் தொகையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அது வேறு. 2023 செப்டம்பரில் உயர்த்தப்பட்டபடி, ரயில் விபத்து மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம், சிறு காயத்துக்கு 50,000 ரூபாய். அசம்பாவித சம்பவமானால் முறையே ஒன்றரை லட்சம், 50,000, 5,000. இதை வாங்கிக்கொண்டதால் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. ‘காசு வாங்கியாச்சே, இனி கேஸ் நிற்காது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆன்லைனில் ரிசர்வ் செய்கிறவர்கள் சில பைசா கட்டி எடுக்கும் பயணக் காப்பீடு மூன்றாவது வழி. மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, பிறகு வரும் மெயிலில் வாரிசு பெயரை நிரப்பியிருக்க வேண்டும். புறநகர் ரயிலில் போகிறவருக்கு இது கிடையாது.

மனு போடும் வழி

ரயில்வே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 1989 நவம்பர் முதல் இயங்குகிறது. தலைமை அமர்வு டில்லியில். மும்பை, சென்னை, எர்ணாகுளம், பெங்களூர், செகந்திராபாத், கொல்கத்தா, புவனேஸ்வரம், நாகபுரி, ஆமதாபாத் உட்பட நாட்டின் பல நகரங்களில் அமர்வுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு நீதித்துறை உறுப்பினர், ரயில்வே விஷயம் தெரிந்த ஒரு தொழில்நுட்ப உறுப்பினர். சாதாரண சிவில் கோர்ட்டில் இந்த வழக்கைப் போட முடியாது.

விபத்து எங்கோ வடக்கே நடந்தது, வழக்கு நடத்த அங்கே யார் போவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். போகத் தேவையில்லை. டிக்கெட் வாங்கிய இடம், விபத்து நடந்த இடம், போய்ச் சேர வேண்டிய இடம், மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய இவற்றில் ஏதாவது ஒன்று எந்த அமர்வின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே மனு போடலாம். நாகபுரி அருகே ரயிலில் இருந்து விழுந்த திருநெல்வேலிக்காரர் சென்னை அமர்விலேயே கேட்கலாம்.

காயமடைந்தவர் தாமே மனு செய்யலாம். அவர் எழுதிக்கொடுத்த அதிகாரத்தோடு வேறொருவர் செய்யலாம். மைனராக இருந்தால் பாதுகாவலர் செய்யலாம். விபத்து மனுவுக்குத் தனிப் படிவம் உண்டு, கட்டணம் கிடையாது. அவசரச் செலவுக்கு இடைக்கால நிவாரணம் கேட்டு ரயில்வேக்கு எழுத 126வது பிரிவு இடம் தருகிறது.

கெடு ஒரு வருஷம். விபத்து நாளில் இருந்து கணக்கு. ஆறு மாதம் ஆஸ்பத்திரி, மூன்று மாதம் செயற்கைக் கால் பழக்கம், அதற்குள் வருஷம் ஓடிப்போகும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மன்னித்து ஏற்கலாம். ஆனால் மன்னிப்பை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. தீர்ப்பு பாதகமானால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம்.

வக்கீலும் தரகரும்

தீர்ப்பாயத்தில் தாமே நின்று வாதாடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எதிரே நிற்பவர் வருஷக்கணக்காக இதே வேலை செய்யும் ரயில்வே வக்கீல். குறுக்கு விசாரணையில், ‘டிக்கெட்டை எந்தப் பையில் வைத்திருந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு மூன்று வருஷம் கழித்துத் தடுமாறாமல் பதில் சொல்ல எல்லோராலும் முடியாது. வக்கீல் தேவைப்படுகிறார். எந்த வக்கீல் என்பதுதான் கேள்வி.

சில நேரங்களில் வக்கீலை இவர் தேட வேண்டியதே இல்லை. ஆஸ்பத்திரி வார்டுக்கே ஆள் வருகிறார். ‘உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வந்தால் பாதி எங்களுக்கு’ என்கிறார். கையில் வக்காலத்துப் படிவமும் நாலைந்து வெற்றுத் தாளும் இருக்கும். செலவில்லாமல் வழக்கு என்பது படுத்திருப்பவர் காதுக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதுமே வக்கீல் தொழிலுக்கு விரோதம். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி, ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கும் கேட்கக் கூடாது, ஆள் வைத்து வழக்குப் பிடிக்கவும் கூடாது.

இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பாட்னா ஓர் எச்சரிக்கை. அங்குள்ள தீர்ப்பாய அமர்வில் மரண நஷ்டஈட்டு வழக்குகளில் பெரிய மோசடி நடந்ததாக சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 2025 ஜனவரியில் அமலாக்கத் துறை பாட்னா, நாலந்தா, மங்களூர் ஆகிய இடங்களில் சோதனை நடத்தியது. மனுதாரர்களின் பெயரில் பாங்க் கணக்கு தொடங்கி, வந்த பணத்தில் பெரும்பகுதியை அவர்களுக்குத் தெரியாமலே வேறு கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். கணவனை ரயிலுக்குப் பறிகொடுத்தவர்களின் பணம் அது.

ஆகவே நஷ்டஈடு வந்து சேரும் கணக்கு மனுதாரரின் வீட்டுக்குப் பக்கத்து பாங்கில், அவரே போய்த் தொடங்கியதாக இருக்க வேண்டும். பாஸ்புக், செக் புத்தகம், ஏ.டி.எம். கார்டு மூன்றும் அவர் கையிலேயே இருக்க வேண்டும். வெற்றுத் தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வக்கீலுக்கான தொகையைத் தொடக்கத்திலேயே பேசி, எழுதி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மனுவின் நகலும் வழக்கு எண்ணும் கேட்டு வாங்க வேண்டும். தர மறுக்கிற வக்கீலை மாற்ற உரிமை உண்டு.

பணமில்லாதவருக்கு வழி இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள் ஆகியோர் இலவச வக்கீல் கேட்கலாம். ரயிலில் காலை இழந்தவர் ஊனமுற்றவர் என்ற ஒரு தகுதியிலேயே இதற்குள் வந்துவிடுகிறார். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைய அலுவலகம் உண்டு. தேசிய ஆணையத்தின் உதவி எண் 15100. வார்டில் பங்கு பேசும் ஆளுக்கு முன்னால் இந்த ஐந்து எண்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும்.

பத்து வருஷத்துக்கு மேல்

சட்டம் பக்கத்தில் இருந்தாலும் காலம் பக்கத்தில் இருப்பதில்லை. 2011ல் மும்பை தாதரில் கூட்ட ரயிலில் ஏற முயன்ற முதியவர் ஒருவர் விழுந்து தலையிலும் காலிலும் அடிபட்டார். ஓடும் ரயிலில் ஏறப்போனார் என்றது ரயில்வே. தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியது. அப்பீலில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி பாரதி டாங்ரே, நெரிசலான ரயிலில் ஏறும்போது விழுவதும் அசம்பாவித சம்பவமே என்று சொல்லி, 3 லட்சம் ரூபாய்க்கு மேல் வழங்க உத்தரவிட்டார். அது 2022ல். விழுந்தபோதே முதியவர். நீதி வந்தபோது இன்னும் பத்து வயது கூடியிருந்தது. அப்பீல் போகும் தெம்பும் பக்கத்தில் நிற்கும் வக்கீலும் அவருக்கு இருந்தார்கள். தீர்ப்பாயத்தோடு நின்றுவிட்டவர்களின் எண்ணிக்கை எந்தத் தீர்ப்பிலும் வராது.

மும்பையில் இந்தப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்ததில் 1989ல் ரயிலில் சிக்கி இரண்டு கால்களையும் இழந்த சமீர் ஜவேரிக்குப் பங்குண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருஷா வருஷம் சாவுக் கணக்கைக் கேட்டு வாங்கி வெளியிட்டார். ரயில் நிலையங்களில் அவசர சிகிச்சை அறையும் ஆம்புலன்சும் வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விபத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தில் உயிர் நிற்பதற்கு அந்த வழக்கு உதவியது. அதற்கு அடுத்த ஒரு வருஷத்தில் வாழ்க்கை நிற்பதற்கு, மெமோவும் கேஸ் பேப்பரும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, அல்லது அண்ணன், அல்லது பட்டறையில் கூட வேலை செய்யும் நண்பர்.

அவர்கள் செய்யக் கூடிய முதல் காரியம் விபத்துக்கு முன்னாலேயே முடியக் கூடியது. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் நாளில் அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இருப்பவர் போனுக்கு அனுப்பிவிட வேண்டும். மும்ப்ரா வளைவில் அந்தத் திங்கட்கிழமை விழுந்து பிழைத்தவர்களுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிப்பதற்கு முன்பே ஒரு வருஷக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது.